தண்ணீர் லாரி நின்ற இடம்

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "மெட்ராசுல அக்கம்பக்கமெல்லாம் எப்படி சாமி?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "அங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்கக்கா. உழுந்து கெடந்தா தாண்டிட்டுத்தான் போவாங்க" என்றாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உனக்குத் தெரியாததற்குக் காரணம் நான்தான். "என்னைய யாரும்மா ஆஸ்பத்திரில சேத்துனாங்க?" என்று இந்த ஐந்து மாதத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் "யாரோ நல்லவங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்புகிறாய், தொடைக்குள் ஒரு கம்பியோடு, அதே ஊருக்கு, அதே வேலைக்கு. நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறுபடி பேச்சை மாற்றிவிடுவேன். உன் வாழ்க்கையின் அந்த ஒரு நாள் முழுக்க நீ மயக்கத்தில் இருந்தாய். அதை உனக்குச் சொல்லவேண்டியவள் நான்.

நாம் லாரிக் குடும்பம். திருச்செங்கோட்டில் எந்த வீட்டில் தடுக்கி விழுந்தாலும் ஒரு ரிக் லாரி டிரைவர் வீடாகத்தான் இருக்கும். உன் அப்பா வருடத்தில் எட்டு மாதம் போர்வெல் போடும் அந்த ரிக் வண்டியோடு வடக்கே கிடப்பவர். அப்பாவுக்கு வலது காது ஏன் சரியாகக் கேட்பதில்லை என்று உனக்கு நாங்கள் சொன்னதில்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடம், வெளி மாநிலத்தில் ஒரு சாலையில், பைக்கில் போன ஒருவர் பள்ளத்தில் இறங்கி அப்பாவின் வண்டிக்கு முன்னால் விழுந்தார். அப்பா பிரேக் அடித்து நிறுத்தி, அவரைத் தூக்க இறங்கினார். ஓடிவந்த கூட்டம் கண்டது ஒரு லாரியையும் அதன் அடியில் ஒரு மனிதரையும்தான். மொழி தெரியாத ஊரில், தான் இடிக்கவில்லை என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் அடித்த அடியில் காது போய்விட்டது. அதற்குப் பிறகு நம் வீட்டில் அது ஒரு சட்டமாகவே ஆனது. "கூட்டம் சேர்ற எடத்துல நிக்கக் கூடாது. என்ன ஆனாலும் வண்டிய நேரா ஸ்டேசனுக்கு உடு, அங்க போய்ச் சொல்லிக்கலாம்" என்று புதிதாக வண்டி ஏறும் ஒவ்வொருவருக்கும் அப்பா சொல்லி அனுப்புவார். டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான் அது. நான் அதையே கொஞ்சம் மாற்றி, நீ முதல் தடவை சென்னைக்கு ரயில் ஏறிய அன்று சேலம் பிளாட்பாரத்தில் நின்று உனக்குச் சொன்னேன்: "ரோட்டுல யாராச்சும் உழுந்து கெடந்தா நின்னு பாக்காத சாமி. கேசு, சாட்சின்னு அலைய உடுவாங்க." கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள் பெற்ற மகளுக்குச் சொல்லி அனுப்பிய புத்தி அது. நீயும் தலையாட்டினாய்.

நீ விழுந்த அன்று காலை ஒன்பதரை இருக்கும். நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் வேறு ஒரு பெண் குரல். "ஆன்ட்டி, நான் ஹேமா. உங்களுக்கு என்னைத் தெரியாது. முதல்ல உக்காருங்க. உக்காந்துட்டீங்களா?" என்று கேட்டது அந்தக் குரல். நான் நாற்காலியைப் பிடித்தேன். "உங்க பொண்ணுக்கு வண்டி சறுக்கிடுச்சு. மூச்சு நல்லா இருக்கு. நான் கூடவே ஆம்புலன்ஸ்ல போயிட்டு இருக்கேன், நீங்க வர்ற வரைக்கும் ஆள் இல்லாம விடமாட்டோம்." எவ்வளவு பெரிய செய்தியை எவ்வளவு நிதானமாகச் சொன்னாள் அந்தப் பெண்! உன் வயதுதான் இருக்கும். ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உன் விரலை எடுத்து உன் போனின் மேல் வைத்துத் திறந்து, 'அம்மா' என்ற பெயரைத் தேடியிருக்கிறாள். நான் சேலம் பஸ்ஸில் இருந்தபோது ஒரு தடவை அழைத்தாள், ரயில் ஏறியபோது ஒரு தடவை. முன்பதிவு இல்லாமல் ஏறி, கதவோரம் நின்றபடி அவளுடன் பேசிக்கொண்டிருந்த என்னை டிக்கெட் பரிசோதகர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைக் காட்டி ஒரு காலி இருக்கையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று என் தலைக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: யார் இடித்தது?

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. உன்னை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தக் கதவுக்கு எதிரே பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மடியில் உன் கைப்பை. காலடியில் உன் ஒற்றைச் செருப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "அம்மாவா? சேலத்துலேர்ந்து வர்றது நீதானாம்மா? ஹேமா பொண்ணு கடைக்குப் போயிருக்குது, ஏழு மணிக்கு வந்துரும்" என்றார்.

"நீங்க யாருங்க?"

"தேவராஜும்மா. தண்ணி லாரி டிரைவரு."

கண்ணு, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. லாரி டிரைவர். காலையிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இடிக்காதவன் எதற்குக் காத்திருக்கப் போகிறான்? "நீங்கதான இடிச்சீங்க? சொல்லுங்க, நீங்கதான?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் இட்ச்சிருந்தா இங்க ஏம்மா குந்தினு இருக்கப்போறேன்? நெதானமா உக்காரு, தண்ணி குடி" என்றார். அந்த நிதானமே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஆஸ்பத்திரி போலீஸ்காரர் நோட்டோடு வந்து, "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டார். நான் அந்த லாரி டிரைவரை நோக்கிக் கையை நீட்டினேன். "இவருதானுங்க. இவரு லாரிதான் இடிச்சிருக்குது" என்றேன். 'இருக்கும்' என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்தவள் போலச் சொன்னேன்.

விசாரிக்க வேண்டும், லாரியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவரை அழைத்துப் போனார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? நாலு எட்டு போனவர் போலீஸ்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். உன் கைப்பையை என்னிடம் நீட்டி, "இதுல பாப்பா போன் இருக்குது, சார்ஜ் இல்ல, போட்டு வையி. டாக்டரு யாராச்சும் ஆள் எங்கன்னு கூப்ட்டா எந்திரிச்சுப் போ, இங்க ஒரு வாட்டிதான் கூப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குற்றம் சாட்டியவளுக்கு வழி சொல்லிவிட்டுப் போன மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு ஹேமா வந்தாள். ஒல்லியாக, கடைச் சீருடையில், கையில் எனக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. வந்ததும் பெஞ்சைப் பார்த்தாள். "அண்ணன் எங்க ஆன்ட்டி?" என்றாள். நான் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ ஆன்ட்டி, என்ன பண்ணிட்டீங்க! அவராலதான் உங்க பொண்ணு உயிரோட இருக்கா" என்றாள். அவள் ஷேர் ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சாலையோர மணலில் உன் வண்டி சறுக்கி, நீ நடுச்சாலையில் போய் விழுந்திருக்கிறாய். பின்னால் வந்தது அந்தத் தண்ணீர் லாரி. அவர் உன்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், இடம் இருந்ததாம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லாரியும் வேகமாக வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு நீ கீழே கிடப்பது தெரியாது. அதனால் அவர் லாரியைத் திருப்பிச் சாலைக்குக் குறுக்கே போட்டு நிறுத்தியிருக்கிறார். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரோடு ஒரு சுவரைப் போல அந்த லாரி உனக்கும் அந்தச் சாலைக்கும் நடுவில் நின்றிருக்கிறது. பின்னால் வந்த பஸ் லாரியில் இடிக்க ஒரு முழம்தான் பாக்கியாம்.

அன்று இரவு நான் உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். நீ பிழைத்துவிட்டாய் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அழுதார். பிறகு லாரியைப் பற்றிச் சொன்னேன். "நின்னாரா?" என்று கேட்டார். "நின்னாருங்க." மறுபடி, "எறங்குனாரா?" என்றார். "எறங்கித் தூக்குனாருங்க." "நானா இருந்தா நின்னுருக்க மாட்டேன்டி" என்றார். பிறகு, நான் செய்ததையும் சொன்னேன். அப்பா என்னைத் திட்டவில்லை. "காலைல முத வேலையா போ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

காலையில் உன்னருகே ஒரு செவிலியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஹேமாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். லாரி வாசலில் நின்றது. உள்ளே பெஞ்சில் அவரும், அவர் பக்கத்தில் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த அம்மாவுக்கும் நான் யாரென்று தெரிந்துவிட்டது. "வந்துட்டியாம்மா? பெத்த வயிறு எரியும், தெரியும். அதுக்குன்னு கண்ணால பாக்காதத சொல்லலாமா நீ? இந்தாளு லைசென்சு போச்சுன்னா நாங்க எங்க போறது?" என்றார். தேவராஜண்ணன், "வுடு, சும்மா இரு" என்றார். "நீ சும்மா இரு. நைட்டெல்லாம் கொசுக்கடில குந்தினு இருந்தது நானு" என்று அவரை அடக்கிவிட்டு, அந்த அம்மா அதே மூச்சில், அதே கோபக் குரலில் என்னைக் கேட்டார்: "பொண்ணு கண்ணு முழிச்சிச்சா?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பதினைந்து வருடத்துக்கு முன் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவை வைத்திருந்த ஏதோ ஒரு ஊர் ஸ்டேஷனிலிருந்து போன் வரும் என்று நான் காத்திருந்த இரவு எனக்கு வந்துபோனது. அன்று எங்களுக்கு யார் என்ன செய்தார்களோ, அதையே நான் இவர்களுக்குச் செய்திருந்தேன். அப்பாவை அடித்த கூட்டத்தில் ஒரு ஆளாக நானும் சேர்ந்திருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நேத்து இவர்தான்னீங்க, இன்னிக்கு இல்லன்றீங்க. எழுதி எழுதி அழிக்க இது என்ன சிலேட்டா?" என்றார். "அழிக்க வேண்டாங்க. நாந்தான் தப்பாச் சொன்னேன்னு எழுதிக்கோங்க. நானே எழுதித் தாரேன்" என்றேன். தாள் வாங்கி எழுதினேன். 'நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தது போலச் சொன்னேன். அது பொய்.' எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தத் தாளில் போடுவதற்கு முன்தான் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்தேன். ஹேமா தான் பார்த்ததை எழுதிக் கொடுத்தாள். அன்றும் கடைக்கு அரை நாள் விடுப்பு. சாட்சி என்று பிற்பாடு அலைய விடுவார்கள் என்று அவளுக்கும் அவள் அம்மா சொல்லித்தான் இருப்பாள். கேட்டேன். "சொல்வாங்க ஆன்ட்டி. அம்மான்னா அப்படித்தான்" என்று சிரித்தாள்.

வண்டியை விட்டார்கள். அவர் மனைவி பஸ் ஏறிப் போனார். ஹேமாவும் கடைக்கு ஓடினாள். தேவராஜண்ணன், "ஆஸ்பத்திரி வழியாத்தான் போறேன், ஏறும்மா" என்றார். இருபத்தைந்து வருடம் லாரிக்காரர் மனைவியாக இருந்தும் நான் ஓடும் லாரியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "என்ற ஊட்டுக்காரரும் லாரிதானுங்கண்ணா, ரிக்கு" என்றேன். "எந்த ஊரு?" "திருச்செங்கோடுங்க." "அட, ரிக்கு ஊரு! அப்ப உனக்கே தெரியும்" என்றார். நான் விடாமல் கேட்டேன். "நிறுத்துனா உங்க மேலதான் வரும்னு தெரியாதுங்களா?" "தெரியாம இன்னாம்மா? முப்பது வருசமா ஓட்டறேன். எறங்கினதுமே ஒருத்தன் வச்சான் பாரு ஒண்ணு, கண்ணுல பூச்சி பறந்துச்சு" என்று கன்னத்தைத் தடவிக்காட்டினார். இலேசான வீக்கம் இருந்தது. "அப்புறம் இந்தப் பொண்ணு ஹேமா கத்துச்சு, அவர் இடிக்கலன்னு. உடனே வுட்டுட்டான். அவன்தாம்மா உன் பொண்ணு தலைய புடிச்சான். பத்து நிமிசம், ஆம்புலன்சு வர்ற வரிக்கும், அந்த வெயில்ல மண்டி போட்டு, ஆடாம அசையாம ரெண்டு கையில தாங்கினு இருந்தான். கழுத்து திரும்பிடக்கூடாதுன்னு. அவ்ளோ பதமா."

"யாருங்கண்ணா அவரு?"

"யாருக்குத் தெரியும்? ஆம்புலன்ஸ்ல ஏத்தினதும் பைக்க எடுத்துனு போய்ட்டான். ஆபீசுக்கு லேட்டா இருக்கும்."

அதைச் சொல்லிக்கொண்டே நீ விழுந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. மணலைக்கூட யாரோ அள்ளிவிட்டிருந்தார்கள். பஸ்ஸும் பைக்கும் ஆட்டோவும் நடப்பவர்களுமாக ஒரு பெரிய வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உயரத்திலிருந்து நான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். ஒருவர் நெளிந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்குகிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கையை நீட்டியபடி சாலையில் இறங்குகிறாள், அத்தனை இரும்பும் அவளுக்காக நிற்கிறது. அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பெயர் தெரியாத இத்தனை லட்சம் பேர் தினமும் ஒருவரையொருவர் சாகவிடாமல் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். அதைப் பார்த்து எனக்கு வாய் அடைத்துப்போனது. கோயில் மலை உச்சியில் நின்றுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "உள்ள வந்து பாப்பாவ ஒருக்கா பாத்துட்டுப் போங்கண்ணா" என்று கூப்பிட்டேன். "லோடு நிக்குதும்மா. ஒரு அபார்ட்மெண்டே நேத்துலேர்ந்து தண்ணி இல்லாம குந்தினு இருக்குது" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்படிச் சொல்லக்கூடாது என்பது அந்த ஊரிலும் இருக்கிறது போல. தலையை மட்டும் ஆட்டிவிட்டு கியரைப் போட்டார்.

இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. நீ என்னை என்ன நினைப்பாயோ என்ற வெட்கத்தில் மறைத்தேன். அதனால் உன்னைத் தாங்கிய ஊரைப் பற்றி நீ தவறாகவே நினைத்துக்கொண்டிருந்தாய். உன்னை மறுபடி அனுப்பக்கூடாது என்று பெரியப்பா முதல் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் முதல் மாதம் அதையேதான் சொன்னேன். இப்போது சொல்லவில்லை. ஹேமாவின் எண்ணும் தேவராஜண்ணனின் எண்ணும் இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போய்ப் பார். அண்ணன் அதிகம் பேசமாட்டார். நான் மாதம் ஒருமுறை போன் செய்தால், "நடக்குதா?" என்று கேட்பார், "நடக்கறாளுங்கண்ணா" என்றால் வைத்துவிடுவார். அவர் மனைவி உன்னைத் திட்டினாலும் திட்டுவார், உட்கார்ந்து கேட்டுக்கொள். எனக்கு வரவேண்டிய திட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆனால் உன் தலையைத் தாங்கிப் பிடித்தவரை நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது. ஹேமாவிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், கட்டம் போட்ட சட்டை என்பதற்குமேல் அவளுக்கு ஞாபகம் இல்லை. உன் முகம் அன்று இருந்த நிலையில் அவருக்கும் உன்னை அடையாளம் தெரியாது. அதே சாலையில்தான் நீயும் தினமும் போகப்போகிறாய். சிக்னலில் உன் பின்னால் நின்று ஹாரன் அடித்து எரிச்சலூட்டுகிறவர் அவராக இருக்கலாம். பஸ்ஸில் உன் காலை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்குகிறவர் அவராக இருக்கலாம். கோபம் வந்தால் படு, வராமல் இருக்காது. இருந்தாலும் ஒரு நிமிடம் அவர் கைகளைப் பார்த்துக்கொள், கண்ணு.

உன்,
அம்மா